இலவச வீடியோ பிளக்-இன்கள்: எழுதியவர்களும் காப்பாற்றியவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

கல்யாண வீடியோ எடுக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "சார், இந்த இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா புது வெர்ஷன் போட்டா பழைய எஃபெக்ட் ரெண்டு மூணு காணாமப் போயிடுது. ஒரு தடவை ஒழுங்கா எழுதி வெச்சுட்டாப் போதாதா சார்?"

போதாது. ஏன் போதாது என்பதற்குப் பின்னால் இருபத்தைந்து ஆண்டு வரலாறு இருக்கிறது. அரசர்கள் வந்து போனதை வகுப்பில் நடத்தியே காலத்தை ஓட்டியவன் நான். கணினிக்குள்ளும் அரசர்கள் வருகிறார்கள், போகிறார்கள். குடிமக்கள் படும் பாடும் அதே மாதிரிதான் இருக்கிறது.

பிளக்-இன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழில் செருகுநிரல் என்கிறார்கள். வீட்டில் மிக்ஸி இருக்கிறது அல்லவா, மோட்டார் ஒன்று, ஜார் பல. சட்னி ஜார், மசாலா ஜார், ஜூஸ் ஜார். வீடியோ எடிட்டிங் மென்பொருள்தான் மோட்டார். நிறம் மாற்றுவது, நடுக்கத்தைச் சரிசெய்வது, பின்னணியை அகற்றுவது போன்ற வேலைகளுக்குத் தனித்தனி ஜார்கள். ஜாரின் அடியில் மோட்டாரோடு கோத்துக்கொள்ளும் கப்ளர் ஒன்று இருக்கும். அது ஒரு பல் மாறினாலும் ஜார் உட்காராது. ஜாரில் குறை இருக்காது, பிளேடு கூராகவே இருக்கும், ஆனால் பயன் இல்லை. இதில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடவேண்டிய பிளக்-இன் என்றால், மூன்று கம்பெனி மிக்ஸிக்கும் ஒரே ஜார் பொருந்தவேண்டும் என்று அர்த்தம். அந்த மூன்று கம்பெனிகளும் ஒன்றோடொன்று கலந்து பேசுவதில்லை. கப்ளரை மாற்றுவதற்கு முன் ஜார் செய்பவரின் சம்மதத்தைக் கேட்பதும் இல்லை.

இப்போது கதைக்கு வருகிறேன்.

2000-ஆம் ஆண்டில் பென் ருடியாக்-கூல்ட் என்பவர் ஏவிசிந்த் என்ற இலவசக் கருவியை உருவாக்கினார். அதில் பொத்தானும் கிடையாது, திரையும் கிடையாது. ஓர் உரைக்கோப்பில் "இந்த வீடியோவைத் திற, இரைச்சலைக் குறை, அளவை மாற்று" என்று வரிசையாகக் கட்டளைகளை எழுதவேண்டும். மற்ற மென்பொருள்களின் கண்ணுக்கு அந்த உரைக்கோப்பே ஒரு வீடியோ போலத் தெரியும். இந்த எளிய தந்திரம் பலரைக் கவர்ந்தது. கணிதம் தெரிந்தவர்கள், பட்டதாரி மாணவர்கள், பொழுதுபோக்காக நிரல் எழுதுபவர்கள் என்று பலர் அதற்குப் பிளக்-இன்கள் எழுதத் தொடங்கினார்கள். பாதிப்பேர் சொந்தப் பெயரைக்கூடப் போடவில்லை, புனைபெயர்தான்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு விஹெச்எஸ் கல்யாணக் கேசட் இருந்தால் பயன் உங்களுக்குத்தான். நம் நாட்டில் இருந்த பால் முறையில் வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை என இரண்டு பாதிகளாக வரும், வினாடிக்கு 50 பாதிகள். பழைய டிவியில் கண்ணுக்குத் தெரியாது. கணினித் திரையில் அப்படியே ஓடவிட்டால், மாப்பிள்ளை கையை அசைக்கும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். அந்தப் பாதிகளை முழுப் படங்களாக நேர்த்தியாக மாற்றுவதற்கு வீட்டுக் கேசட்டுகளை மீட்பவர்கள் இன்றும் நாடுவது க்யூ.டி.ஜி.எம்.சி. என்ற ஏவிசிந்த் கட்டளைத் தொகுப்பை. அது தனியாக ஒன்றும் செய்யாது. அசைவு எந்தத் திசையில் போகிறது என்று கணக்கிட எம்.வி.டூல்ஸ் என்ற பிளக்-இன், விடுபட்ட கோடுகளை ஊகிக்க என்.என்.இ.டி.ஐ.3, எந்தப் பகுதியைத் தொடுவது, எதை விடுவது என்று பிரிக்க மாஸ்க்டூல்ஸ், இன்னும் சில. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை அல்ல. இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தாலும் மாப்பிள்ளையின் கை பழையபடி சீப்பாகிவிடும்.

அறுந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

அந்தக் காலத்துக் கணினிகள் மெதுவானவை. ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு ராத்திரி ஆகும். வேகம் வேண்டுமென்று பிளக்-இன் எழுதியவர்கள் சிப்புக்கே நேரடியாகப் புரியும் அசெம்பிளி மொழியில், இன்டெல்லின் எம்.எம்.எக்ஸ்., எஸ்.எஸ்.இ. கட்டளைகளைப் பயன்படுத்தி, முக்கியமான பகுதிகளைக் கையாலேயே எழுதினார்கள். சி++ நிரலுக்கு நடுவே அப்படியே செருகிவிடும் வசதி மைக்ரோசாஃப்டின் தொகுப்பியில் இருந்தது. பிறகு 64 பிட் விண்டோஸ் வந்தது. 64 பிட்டுக்குத் தொகுக்கும்போது அந்தச் செருகும் வசதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. ஒரே ஒரு வசதிதான் போயிற்று. ஆனால் பத்தாண்டு காலம் நூற்றுக்கணக்கான இரவுகளில் எழுதப்பட்ட அத்தனை அசெம்பிளி வரிகளும் அப்படியே 64 பிட்டுக்குப் போகமுடியாமல் நின்றன. யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாக வேறு வடிவத்தில் திருப்பி எழுதவேண்டும். எழுதியவர்களில் பலர் அதற்குள் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், குடும்பமாகி, இந்தப் பக்கமே வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

இங்கேதான் ஒரு பெரிய வித்தியாசம் வெளியே வந்தது. மூலநிரலோடு வெளியிட்டவர்களின் பிளக்-இன்களை வேறு யாரோ ஒருவர் எடுத்துப் புதுப்பித்தார். எழுதியவர் மறைந்துபோன பிறகும் எம்.வி.டூல்ஸும் மாஸ்க்டூல்ஸும் கை மாறிக் கை மாறி உயிரோடு இருக்கின்றன. "இலவசமாகத் தருகிறேன், ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டமாட்டேன்" என்று வெறும் டி.எல்.எல். கோப்பை மட்டும் கொடுத்தவர்களின் பிளக்-இன்கள் 32 பிட்டோடு நின்றுவிட்டன. இலவசம் என்பதும் சுதந்திரம் என்பதும் வேறு வேறு என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது தத்துவப் பேச்சு என்று நினைத்தவர்களுக்கு, அது ஒரு கேசட் மீட்பு விவகாரமாக வந்து நின்றது.

ஏவிசிந்துக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. அதன் கப்ளர், அதாவது மோட்டாரும் ஜாரும் கோத்துக்கொள்ளும் இடம், சி++ மொழியில் அமைந்தது. ஒரு தொகுப்பி உருவாக்கும் சி++ உறுப்புகளை இன்னொரு தொகுப்பி புரிந்துகொள்ளும் என்று நம்பமுடியாது. ஆகவே மைக்ரோசாஃப்ட் தொகுப்பியில் செய்த மோட்டாருக்கு வேறு தொகுப்பியில் செய்த ஜார் உட்காராது. விண்டோஸை விட்டு நகர்வதற்கு இது பெரிய தடை. 2012-இல் ஃபிரெட்ரிக் மெல்பின் வேப்பர்சிந்த் என்ற மாற்றைத் தொடங்கியபோது, கப்ளரைப் பழைய, எளிய சி மொழியில் வைத்தார். மூன்று இயங்குதளங்களிலும் அது ஓடியது. ஏவிசிந்திலிருந்து கிளைத்த ஏவிசிந்த்+ லினக்ஸையும் மேக்கையும் எட்டிப்பிடிக்க 2020 ஆயிற்று. இருபது ஆண்டு!

மேக் பக்கம் கதை வேறு. அங்கே அரசர் ஒருவர்தான். அவர் சொல்வதுதான் சட்டம்.

2006-இல் பேரியன் என்ற இலவசப் பிளக்-இன் வந்தது. ஆப்பிளின் குயிக்டைம் அன்று எல்லா வகை வீடியோவையும் திறக்காது. இணையத்தில் கிடைக்கும் ஏவிஐ, எம்கேவி, ஃபிளாஷ் வீடியோ எல்லாம் குயிக்டைமில் ஓடாது. பேரியனை நிறுவினால் ஓடும், வசனவரிகளோடு ஓடும். எஃப்எஃப்எம்பெக் என்ற சுதந்திர மென்பொருளின் பகுதிகளைக் குயிக்டைமின் கப்ளருக்குள் பொருத்தியதுதான் அதன் வேலை. மேக் வைத்திருந்தவர்கள் கணினி வாங்கியதும் முதல் வேலையாக நிறுவும் பொருள்களில் ஒன்றாக அது இருந்தது. எழுதியவர்கள் சிலரே, ஓய்வு நேரத்தில்.

அது பிறந்த நேரமே சிக்கலான நேரம். ஆப்பிள் பவர்பிசி சிப்பைக் கைவிட்டு இன்டெல்லுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரே பிளக்-இன்னுக்குள் இரண்டு சிப்புக்குமான நிரல் வேண்டும். அதைச் சமாளித்தார்கள். 2009-இல் குயிக்டைமின் புதிய பிளேயர் வந்தது, அதையும் ஒருவாறு சமாளித்தார்கள். அதன்பிறகு ஆப்பிள் குயிக்டைமின் பழைய அடித்தளத்தையே விட்டுவிட்டு ஏவிஃபவுண்டேஷன் என்ற புதிய அடித்தளத்துக்குப் போயிற்று. அதில் வெளியார் தங்கள் வீடியோ வகைகளைச் செருகுவதற்கு வாசலே வைக்கவில்லை. கப்ளர் மாறியிருந்தால் பேரியன்காரர்கள் இன்னொரு முறை ராவியிருப்பார்கள். மோட்டாரின் மேல்பக்கத்தையே மூடிவிட்டால் என்ன செய்வது? 2012 மே மாதம் வேலையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மூலநிரலைப் பொதுவில் விட்டார்கள். ஆனால் அதை எடுத்து நடத்த ஆளில்லை, நடத்தவும் வழியில்லை. 2019-இல் வந்த மேக் கேட்டலினா 32 பிட் நிரல்கள் அனைத்தையும் ஓடவிடாமல் நிறுத்தியபோது, பழைய குயிக்டைம் 7-உம் போயிற்று.

ஆப்பிளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பழைய குயிக்டைம் 1991-இல் தொடங்கியது. வெளியாரின் பிளக்-இன் ஒன்று தவறாக நடந்தால் பாதுகாப்பு ஓட்டை ஆகிவிடும் என்ற பயமும் நியாயமானது. மூடியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் மூடிய செலவை யார் சுமந்தார்கள் என்று பார்த்தால், சம்பளம் வாங்காதவர்கள்தான் சுமந்தார்கள்.

மூன்றாவது கதை எனக்கு மிகவும் பிடித்தது. நார்வேயில் பெர்கன் என்ற மழை நகரம். அங்கே பிக்ஸெல் என்ற பெயரில் வீடியோக் கலைஞர்களும் நிரல் எழுதுபவர்களும் ஒன்றுகூடுவார்கள். மேடையில் இசைக்கு ஏற்ப நேரலையாக வீடியோவைக் கலக்கும் ஆட்கள். ஆளுக்கொரு மென்பொருள் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் எழுதிய எஃபெக்ட் இன்னொருவரின் மென்பொருளில் ஓடாது. எல்லோரும் ஒரே தண்ணீரைத் தனித்தனிக் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து 2004-இல் பிறந்ததுதான் ஃப்ரையோர். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவார்கள். கணினிக்காரர்களின் குறும்பு.

அவர்கள் எழுதிய ஒப்பந்தம் ஒரே ஒரு சி மொழித் தலைப்புக் கோப்பு. பத்துப் பன்னிரண்டு செயற்கூறுகள், அவ்வளவுதான். "உன் பெயர் என்ன? உனக்கு எத்தனை அளவுருக்கள்? இந்தா ஒரு படம், மாற்றிக் கொடு." அளவுருக்களும் ஐந்தே வகை: ஆம்/இல்லை, எண், நிறம், இடம், எழுத்துச்சரம். எண் என்றால் 0-இலிருந்து 1-க்குள் மட்டும். படத்தின் அகலமும் உயரமும் எட்டின் மடங்காக இருக்கவேண்டும். நிறத்துக்கு ஒவ்வொரு வழியிலும் 8 பிட். ஒலி கிடையாது. பிளக்-இன்னுக்கென்று தனி ஜன்னல் கிடையாது, பொத்தான் கிடையாது.

கேட்பதற்கு வறுமையாக இருக்கிறதல்லவா? அந்த வறுமைதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. ஜன்னலும் பொத்தானும் இருந்திருந்தால், அவற்றை வரையும் நூலகம் ஒவ்வொரு முறை மாறும்போதும் அத்தனை பிளக்-இன்களும் உடைந்திருக்கும். சி++ இருந்திருந்தால் தொகுப்பிச் சண்டை வந்திருக்கும். இல்லாத உறுப்பில் நோய் வராது. நூற்றுக்கும் மேற்பட்ட பிளக்-இன்கள் அந்தச் சிறிய ஒப்பந்தத்தின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. கேடென்லைவ், ஷாட்கட், எஃப்எஃப்எம்பெக், ஜிஸ்ட்ரீமர் எல்லாம் அவற்றைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் கேடென்லைவில் ஏதாவது எஃபெக்ட் போட்டிருந்தால், தெரியாமலேயே பெர்கன்காரர்களின் வேலையைப் பயன்படுத்தியிருக்கவும் கூடும்.

ஆனால் அதற்கும் பராமரிப்பு இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் மாறவில்லை. ஒவ்வொரு ஜாருக்குள்ளும் இருக்கும் சாமான் மாறியது. முகத்தைக் கண்டுபிடிக்கும் பிளக்-இன்கள் ஓபன்சிவி என்ற வேறொரு நூலகத்தை நம்பியிருந்தன. 2018-இல் வந்த ஓபன்சிவி 4 தன் பழைய சி மொழிச் செயற்கூறுகளில் பெரும்பகுதியை நீக்கியது. மைக்ரோசாஃப்டின் தொகுப்பியோ 1999-இல் வந்த சி மொழித் தரத்தின் பல அம்சங்களை 2013 வரை ஏற்காமலே இருந்தது. ஆகவே லினக்ஸில் சுத்தமாகத் தொகுக்கும் நிரல் விண்டோஸில் முதல் பக்கத்திலேயே நூறு பிழை காட்டும். கையில் மேக் இல்லாத ஒருவர் எழுதியதை மேக்கில் யார் சோதிப்பது? விண்டோஸே தொடாத கொள்கைவாதி எழுதியதை விண்டோஸில் யார் சோதிப்பது? டைன் என்ற அமைப்பைச் சேர்ந்த யாரோமில் என்ற இத்தாலியக் கலைஞரும் வேறு சிலரும் ஆண்டுக்கணக்கில் செய்துவந்தது பெரும்பாலும் இந்த வேலைதான். புது எஃபெக்ட் எழுதினால் நாலு பேர் பாராட்டுவார்கள். பழைய எஃபெக்ட் புதிய கணினியில் வழக்கம்போல ஓடினால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பழைய வாத்தியார் என்பதால் இந்த இடத்தில் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவே இருக்கிறது. குடவோலையில் ஆள் எடுப்பார்கள், 360 நாள் வேலை, பிறகு வேறு ஆள். ஏரியை வெட்டியவர் எவரானாலும், அதைக் காப்பதற்கு முறை வைத்து ஆள் மாற்றினார்கள். பிளக்-இன் உலகில் அந்த வாரியம் கிடையாது. வெட்டியவரே ஆயுள் முழுக்கத் தூர் வாரவும் வேண்டும்.

சரி, பணம் இருந்தால் இந்தப் பிரச்சினை தீருமா? தொழில்முறை ஆட்களின் கதையைப் பார்ப்போம். லண்டனில் தி ஃபவுண்ட்ரி என்ற நிறுவனம், சினிமாக் காட்சிகளுக்கான எஃபெக்ட் பிளக்-இன்களை விலைக்கு விற்றது. ஆனால் எஃபெக்ட் மென்பொருள்கள் பல, ஒவ்வொன்றுக்கும் தனிக் கப்ளர். ஒரே எஃபெக்டை ஐந்தாறு முறை எழுதவேண்டும். சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தவர்களுக்கே அலுத்துவிட்டது. அங்கிருந்த புரூனோ நிக்கோலெட்டியின் முயற்சியில் 2004 வாக்கில் ஓபன்எஃப்எக்ஸ் என்ற பொது ஒப்பந்தம் வந்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நியூக், ஃபியூஷன், டாவின்சி ரிசால்வ், வேகாஸ் என்று பல மென்பொருள்கள் அதை ஏற்றன.

ஓபன்எஃப்எக்ஸ் பிளக்-இன் என்பது ஒரு கோப்புறை. அதற்குள் விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று உள்கோப்புறைகள். அதன் விதிமுறை ஆவணத்தில் ஐரிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று. இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் இயங்குதளம் அது. 'ஜுராசிக் பார்க்' டைனோசர்கள் அந்த நிறுவனத்தின் கணினிகளில்தான் உயிர் பெற்றன. 2006 இறுதியோடு அந்த வரிசைக் கணினிகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் எழுதி இரண்டே ஆண்டு. ஒரு பேரரசு இருந்ததற்கான கல்வெட்டு போல அந்தக் கோப்புறைப் பெயர் மட்டும் நிற்கிறது.

இந்த ஒப்பந்தத்தின்மேல் பிரான்சில் ஒரு பெரிய இலவச முயற்சி எழுந்தது. நேட்ரான். விலை உயர்ந்த நியூக் மென்பொருள் செய்யும் வேலையை இலவசமாகச் செய்வது. 2012-இல் அலெக்ஸாண்டர் கோட்டியே என்ற இளைஞர் தனியாகத் தொடங்கினார். 2013-இல் இன்ரியா என்ற பிரெஞ்சு அரசு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய போட்டியில் அது வென்றது. பரிசு என்ன தெரியுமா? கேடயம் இல்லை, பொன்னாடை இல்லை. அதே மென்பொருளை அங்கேயே உட்கார்ந்து எழுத ஓராண்டுச் சம்பள வேலை! நம் ஊரில் பரிசு கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 2014 டிசம்பரில் 1.0 பதிப்பு வந்தது. இன்ரியாவின் ஆராய்ச்சியாளர் ஃபிரெடெரிக் டெவெர்னே உள்ளிட்டோர் ஏராளமான இலவச ஓபன்எஃப்எக்ஸ் பிளக்-இன்களையும் எழுதிச் சேர்த்தார்கள். அவை நேட்ரானில் மட்டுமல்ல, ஓபன்எஃப்எக்ஸை ஏற்ற வேறு மென்பொருள்களிலும் ஓடவேண்டியவை.

'ஓடவேண்டியவை' என்றுதான் சொல்கிறேன். ஓபன்எஃப்எக்ஸ் பெரிய ஒப்பந்தம். ஒவ்வொரு மென்பொருளும் அதில் தனக்குப் பிடித்த பகுதியைத்தான் நிறைவேற்றும். ஒன்றில் சரியாக ஓடுவது இன்னொன்றில் திரையைக் கறுப்பாக்கும், மூன்றாவதில் மென்பொருளையே கவிழ்க்கும். கடைசியில் பிளக்-இன்னுக்குள்ளேயே "இந்த மென்பொருளாக இருந்தால் இப்படி நடந்துகொள், அந்த மென்பொருளாக இருந்தால் அப்படி" என்று வரிகளைச் சேர்க்கவேண்டி வருகிறது. அந்த விலை உயர்ந்த மென்பொருள்கள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துச் சோதிக்க இலவசப் பிளக்-இன் எழுதுபவரிடம் காசு ஏது? ஃப்ரையோரின் கஞ்சத்தனத்துக்கு இருந்த பலம் இங்கே புரியும். நிறைய வாக்குக் கொடுத்தவர்களுக்கு நிறையக் கடன்.

பிறகு இன்ரியாவின் ஆதரவு நின்றது. முழுநேரம் எழுதியவர் விலகினார். நேட்ரானின் ஜன்னல்கள் க்யூடி 4 என்ற நூலகத்தில் எழுதப்பட்டவை. அதற்கான ஆதரவு 2015 டிசம்பரோடு முடிந்திருந்தது. அதன் கட்டளை மொழி பைத்தான் 2. அது 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. இரண்டையும் மாற்றுவது சாதாரண வேலை இல்லை, வீட்டில் குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தை மாற்றுவது. எஞ்சியிருந்த ஒன்றிரண்டு பேர் ஓய்வு நேரத்தில் ஆண்டுக்கணக்காக அதைச் செய்து, 2.5 பதிப்பில்தான் கரை சேர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் வெளியே பார்த்தவர்களுக்கு "நேட்ரான் செத்துவிட்டது, புதிதாக ஒன்றும் வரவில்லை" என்றுதான் தோன்றியது. உள்ளே இருப்பவர்கள் மூச்சு வாங்க வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இதற்கிடையே வாசலில் டிக்கெட் கிழிப்பவர்களும் வந்துவிட்டார்கள். மேக்கில் கேட்டலினா முதல், இணையத்தில் இறக்கிய நிரலை ஆப்பிளிடம் அனுப்பிச் சான்று வாங்கியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் பயனருக்குப் பயமுறுத்தும் எச்சரிக்கை வரும். சான்று வாங்க ஆண்டுக்கு 99 டாலர் கட்டி உறுப்பினராகவேண்டும். விண்டோஸில் எச்சரிக்கை வராமல் இருக்கக் கையொப்பச் சான்றிதழை விலைக்கு வாங்கவேண்டும். 2023 ஜூன் முதல் அதன் திறவுகோலைப் பாதுகாப்பான தனி வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. திருட்டு நிரல்களைத் தடுக்க இவை தேவைதான். ஆனால் பாருங்கள், ஒருவர் தன் உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறார், கொடுப்பதற்கு அவரே வருடாவருடம் பணமும் கட்டுகிறார். அன்னதானம் செய்பவரிடம் பந்தல் வாடகை கேட்பது மாதிரி.

கொரோனா காலத்தில் வகுப்பு எடுத்த ஆசிரியர்கள் பலருக்கு ஓ.பி.எஸ். தெரிந்திருக்கும். திரையைப் பதிவு செய்யவும் நேரலைக்கும் உதவும் சுதந்திர மென்பொருள். 2022-இல் அதன் 28-ஆம் பதிப்பு வந்தபோது ஜன்னல் நூலகத்தை க்யூடி 5-இலிருந்து 6-க்கு மாற்றினார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் நேட்ரானுக்கு வந்த கதிதான் அதற்கும் வந்திருக்கும். மாற்றியதால், சொந்தமாக ஜன்னல் வைத்திருந்த பழைய பிளக்-இன்கள் புதுப்பிக்கும்வரை ஓடாமல் நின்றன. இதில் வில்லன் யாரும் இல்லை. மோட்டார் செய்பவரும் தன் வீட்டைக் காப்பாற்றவேண்டும். அதே பதிப்பில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. வெளியார் ஒருவர் எழுதி வளர்த்த, ஓ.பி.எஸ்.-ஸை வெளியிலிருந்து இயக்கும் வெப்சாக்கெட் பிளக்-இன்னை மென்பொருளோடே சேர்த்துக்கொண்டார்கள். தனி ஆள் சுமந்த சுமை பொதுச் சுமையாயிற்று. முக்கியமான பிளக்-இன்கள் பிழைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய சுவர் ஏஆர்எம் சிப்பு. 2020 நவம்பரில் ஆப்பிள் இன்டெல்லையும் கைவிட்டுச் சொந்தச் சிப்புக்கு மாறியது. இன்டெல்லுக்காகக் கையால் எழுதிய எஸ்.எஸ்.இ. கட்டளைகள் ஏஆர்எம்மில் நேரடியாக ஓடாது. ஏவிசிந்துக்காரர்கள் ஒருமுறை 64 பிட்டுக்காகத் திருப்பி எழுதிய அதே பகுதிகள், இன்னொரு முறை வரிசையில் நிற்கின்றன. சில பிளக்-இன்களில் வேகத்தை இழந்து சாதாரண சி நிரலில் ஓடவிடுகிறார்கள். சிலவற்றில் இன்டெல் கட்டளைகளை ஏஆர்எம் கட்டளைகளாக மாற்றித் தரும் இடைநூலகங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

ஃப்ரையோருக்கும் கணக்குத் தீர்க்கும் காலம் வந்திருக்கிறது. சிறிய ஒப்பந்தம் காப்பாற்றியது என்றேன். அந்த ஒப்பந்தத்தில்தான் "8 பிட் நிறம்" என்ற வரியும் இருக்கிறது. 2004-இல் அது தாராளம். இன்று கைபேசியே 10 பிட் வீடியோ எடுக்கிறது. 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. அந்த ஒரு வரியை மாற்றினால் நூற்றுக்கும் மேற்பட்ட ஜார்களின் உள்பாகத்தையும் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று சொந்த எஃபெக்ட் எழுதிக்கொள்ளும். பெர்கனில் கூடியவர்கள் எதை ஒழிக்கக் கூடினார்களோ, அந்தத் தனித்தனிக் கிணறு திரும்ப வரும்.

கேடென்லைவ், ஷாட்கட் பயன்படுத்தும் நண்பர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று: 10 பிட்டில் எடுத்த வீடியோவில் ஃப்ரையோர் எஃபெக்ட் ஒன்றை எந்த இடத்தில் போட்டாலும் அங்கே அது 8 பிட்டாகக் குறையும். சாயங்கால வானம் மாதிரி இடங்களில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். நிறத் திருத்தத்துக்கு மட்டும் மென்பொருளின் சொந்த ஃபில்டரைப் பயன்படுத்திப் பாருங்கள்.